மார்கோ ரூபியோவும் குடியேற்றச் சீர்திருத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியேற்றம் என்று பேச்செடுத்தாலே அமெரிக்காவில் ரூபியோவின் பெயர் வந்துவிடும். வலதுசாரிகள் "நம்மை ஏமாற்றியவர்" என்பார்கள், குடியேறிகளுக்காகப் பேசுகிறவர்கள் "நம்மைக் கைவிட்டவர்" என்பார்கள். ஒரே மனிதர் இரண்டு தரப்பிடமும் எப்படிப் பேர் கெடுத்துக்கொண்டார் என்பதுதான் இந்தப் பக்கத்துக்கு விஷயம். பெரும்பாலும் 2010 முதல் 2016 வரையான கதை.

ரூபியோ யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1971இல் மியாமியில் பிறந்தவர். பெற்றோர் 1956இல் கியூபாவிலிருந்து வந்தவர்கள். அப்பா மதுக்கூடங்களில் பரிமாறுபவர், அம்மா ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்தவர். குடியரசுக் கட்சிக்காரர். புளோரிடா மாநில பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக இருந்து, 2011இல் செனட்டரானார். 2025 ஜனவரியில் டிரம்ப் அரசின் வெளியுறவு அமைச்சரானார்.

2010 தேர்தலில் அவர் குடியேற்றம் பற்றி என்ன சொன்னார்?

அந்த ஆண்டு அவரைத் தூக்கிவிட்டது, வரியையும் அரசுச் செலவையும் எதிர்த்த பழமைவாத டீ பார்ட்டி இயக்கம். கட்சி மேலிடம் முதலில் ஆளுநர் சார்லி கிறிஸ்ட் பக்கம்தான் நின்றது. ரூபியோ வேகமெடுத்ததும் கிறிஸ்ட் சுயேச்சையாக நிற்க வேண்டியதாயிற்று. அக்டோபரில் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் ஆவணமற்ற குடியேறிகளைப் பற்றிக் கேட்டார்கள். நிபந்தனைகளை நிறைவேற்றிப் படிப்படியாகக் குடியுரிமை பெறலாம் என்பதெல்லாம் பொதுமன்னிப்புக்கு வைத்த மறைமுகப் பெயர்தான் என்று ரூபியோ பட்டென்று சொன்னார். மும்முனைப் போட்டியில் கிட்டத்தட்ட 49 சதவீத வாக்குகளோடு ஜெயித்தார்.

அப்போதுகூட அவர் முழுக்கக் கறாரானவராக இருந்ததில்லை. 2008இல் அவர் மாநிலச் சபாநாயகராக இருந்தபோது, குடியேறிகளுக்கு எதிரான சில கடுமையான மசோதாக்கள் வாக்கெடுப்புக்கே வராமல் போயின. அவர்தான் தடுத்தார் என்று கட்சிக்குள்ளேயே புகார் இருந்தது. 2010இல் அவருக்கு வாக்களித்த டீ பார்ட்டிக்காரர்களில் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விவாதத்தில் கேட்ட அந்த ஒரு வரியைத்தான் நம்பினார்கள்.

அப்படியானால் இரண்டே வருடத்தில் ஏன் மாறினார்?

2012 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி தோற்றார். சட்டவிரோதமாக இருப்பவர்கள் தாங்களாகவே நாட்டை விட்டுப் போகும் நிலையை உருவாக்க வேண்டும் என்று பேசியவர் அவர். வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்புப்படி லத்தீன் வாக்காளர்களில் 27 சதவீதம் பேர்தான் அவரை ஆதரித்தார்கள். கட்சி பதறிப்போனது. 2013 மார்ச்சில் கட்சித் தலைமையே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டு, விரிவான குடியேற்றச் சீர்திருத்தத்தை ஆதரிக்க வேண்டும் என்றது. ஸ்பானிஷ் சரளமாகப் பேசும் இளம் செனட்டர் ஒருவர் கையில் இருக்கும்போது வேறு யாரைத் தேட வேண்டும்?

வீட்டிலிருந்தும் ஒரு குரல் வந்தது. 2012 டிசம்பரில் அவருடைய அம்மா கைப்பேசியில் ஸ்பானிஷில் ஒரு செய்தியைப் பதிந்து வைத்தார். குடியேறி வந்தவர்கள் மேல் கைவைக்காதே மகனே, பாவம், அவர்களும் நம்மைப் போல மனிதர்கள்தான் என்பது சாரம். பத்திரிகைக்காரரிடம் ரூபியோவே இதைச் சொன்னார். உணர்ச்சியும் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்த நேரம் அது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயல்வது வீண்வேலை என்பது என் எண்ணம்.

2013 பிப்ரவரியில் டைம் பத்திரிகை அவரை அட்டையில் போட்டு, 'குடியரசுக் கட்சியின் ரட்சகர்' என்றது. ரட்சகர் ஒருவர்தான், அது நான் இல்லை என்று ரூபியோ ட்விட்டரில் பதில் போட்டார். அந்த மாதமே அதிபர் ஒபாமாவின் வருடாந்திர உரைக்குக் கட்சியின் சார்பில் பதிலுரை வழங்கினார். பேச்சு யாருக்கும் நினைவில்லை. நடுவில் குனிந்து தண்ணீர் பாட்டிலை எட்டி எடுத்துக் குடித்தது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

எண்மர் குழு மசோதாவில் என்னதான் இருந்தது?

மெக்கெய்ன், கிரகாம், ஃபிளேக், ரூபியோ ஆகிய நான்கு குடியரசுக் கட்சியினர். ஷூமர், டர்பின், மெனெண்டஸ், பென்னட் ஆகிய நான்கு ஜனநாயகக் கட்சியினர். இந்த எட்டு செனட்டர்கள் சேர்ந்து 2013 ஏப்ரலில் கொண்டுவந்தது எஸ்.744 என்ற மசோதா.

2011 முடிவதற்குள் நாட்டுக்குள் வந்துவிட்ட ஆவணமற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். குற்றப் பின்னணி பார்ப்பார்கள், பாக்கி வரி கட்ட வேண்டும், கட்டம் கட்டமாக மொத்தம் 2,000 டாலர் அபராதம், ஆங்கிலமும் கற்க வேண்டும். முதல் பத்து ஆண்டுகள் தற்காலிக அந்தஸ்து, அதன்பிறகு கிரீன் கார்டு, மேலும் மூன்று ஆண்டுகள் கழித்துக் குடியுரிமை. ஆக 13 ஆண்டுகள். அப்போது நாட்டில் இருந்த ஆவணமற்றவர்கள் ஏறக்குறைய 1.1 கோடிப் பேர்.

எல்லைப் பாதுகாப்புக்கும் பணம் கொட்டினார்கள். கடைசி நேரத் திருத்தத்தில் 700 மைல் வேலி, கூடுதலாக 20,000 எல்லைக் காவலர்கள் என்று சேர்த்து, செலவு 4,600 கோடி டாலர் வரை போனது. பழமைவாத வாக்குகளை இழுக்கத்தான் இத்தனையும். 2013 ஜூன் 27 அன்று செனட்டில் 68-32 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் 14 பேர் குடியரசுக் கட்சியினர்.

மசோதாவை விற்க ரூபியோ அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. ஏப்ரலில் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஏழு தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் தோன்றினார். ஐந்து ஆங்கிலம், இரண்டு ஸ்பானிஷ்.

இவ்வளவு கண்டிப்பான நிபந்தனைகள் இருந்தும் வலதுசாரிகள் ஏன் நம்பவில்லை?

காரணம் 1986. ரெய்கன் காலத்துச் சட்டம் ஒன்று சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ அந்தஸ்து கொடுத்தது. பதிலுக்கு, ஆவணமற்றவர்களை வேலைக்கு வைக்கும் முதலாளிகளைத் தண்டிப்போம், எல்லையை இறுக்குவோம் என்று வாக்குறுதி. அந்தஸ்து உடனே கிடைத்துவிட்டது. தண்டனை பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றது, ஆவணமற்றவர்களின் எண்ணிக்கை பின்னால் பல மடங்கு ஏறியது. அன்றிலிருந்து பழமைவாத வாக்காளர்கள் எந்த மசோதாவைப் பார்த்தாலும் கேட்பது ஒரே கேள்விதான்: எது முதலில்? அந்தஸ்தா, எல்லையா?

எஸ்.744இன் படி, எல்லைப் பாதுகாப்புத் திட்டத்தை அரசு தாக்கல் செய்தாலே போதும், தற்காலிக அந்தஸ்து கொடுக்கத் தொடங்கிவிடலாம். வேலியும் காவலர்களும் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியது கிரீன் கார்டுதான். அதாவது 1986இன் வரிசைதான், கொஞ்சம் கூடுதல் பூட்டுகளோடு.

இங்கேதான் ரூபியோ வசமாக மாட்டிக்கொண்டார். ஜூன் தொடக்கத்தில் பழமைவாதிகள் கேட்கும் ஆங்கில வானொலியில், எல்லைப் பாதுகாப்பை வலுப்படுத்தும் திருத்தங்கள் இல்லாவிட்டால் இந்த மசோதா சட்டமாகாது என்றார். சில நாட்களிலேயே யுனிவிஷன் என்ற ஸ்பானிஷ் அலைவரிசையில், அந்தஸ்து வருவது உறுதி, முதலில் அதுதான், எல்லை அப்புறம் என்று விளக்கினார். மசோதாவைக் கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் பொய்யில்லை. ஆனால் பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று ஊர் பேச இது போதாதா? ஸ்பானிஷ் பேட்டியை மறுநாளே யாரோ மொழிபெயர்த்துப் போட்டுவிடும் காலத்தில், இரண்டு சபைக்கு இரண்டு அழுத்தம் கொடுத்துப் பேசினால் தப்ப முடியாது.

மசோதா கடைசியில் என்ன ஆனது?

பிரதிநிதிகள் சபையில் செத்தது. சபாநாயகர் ஜான் பேனர் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. 2014 ஜூனில் கட்சியின் சபைத் தலைவர் எரிக் கேன்டர் தன் தொகுதியின் உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார். அவரை வீழ்த்திய டேவ் பிராட் முக்கிய ஆயுதமாகப் பிடித்தது குடியேற்றத்தைத்தான். அதன்பிறகு யார் தொடுவார்கள்?

ரூபியோ எப்போது பின்வாங்கினார்?

கேன்டர் தோற்பதற்கு வெகுமுன்பே. மசோதா நிறைவேறி நான்கு மாதம்கூட ஆகியிருக்காது. 2013 அக்டோபரில், ஒரே பெரிய சட்டமாக வேண்டாம், துண்டு துண்டாகச் செய்யலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார். பிரதிநிதிகள் சபை ஒரு சிறு மசோதாவை நிறைவேற்ற, அதை வைத்துச் செனட் மசோதாவோடு இணைத்துப் பேசுகிற வழியையும் அவர் தரப்பு எதிர்த்தது. எஸ்.744 உயிர்பிழைக்க அநேகமாக மிச்சமிருந்த ஒரே வழி அது.

அவர் மேல் எனக்குள்ள முக்கியமான குறை இதுதான். 2010இன் கருத்திலிருந்து 2013இன் கருத்துக்கு வந்ததை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. பல மாதம் உட்கார்ந்து பேசி, 13 ஆண்டு, 2,000 டாலர், 700 மைல் என்று ஒவ்வொரு எண்ணிலும் பங்கிருந்த ஒருவர், விலை கொடுக்க வேண்டிய நேரம் வந்ததும் கழன்றுகொண்டார். மெக்கெய்னும் கிரகாமும் அந்த நேரத்தில் திட்டு வாங்கிக்கொண்டே மசோதாவுக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

2016 அதிபர் போட்டியில் அவருடைய நிலைப்பாடு என்ன?

2015 ஏப்ரலில் மியாமியின் ஃபிரீடம் டவரில் நின்று போட்டியை அறிவித்தார். 1960களில் கியூப அகதிகளை வரவேற்றுப் பதிவு செய்த கட்டடம் அது. அங்கே நின்றுகொண்டு குடியேறிகளைத் திட்ட முடியாது, கட்சிக்காரர்கள் காதில் விழும்படி அவர்களை ஆதரிக்கவும் முடியாது.

அப்போது அவர் சொன்ன திட்டம் மூன்று படி. முதலில் எல்லையும் சட்ட அமலும், இரண்டாவது சட்டபூர்வக் குடியேற்ற முறையைத் திருத்துவது, அதெல்லாம் நடந்து மக்கள் நம்பிய பிறகு ஆவணமற்றவர்களுக்கு வேலை அனுமதி. பத்து வருடம் கழித்து கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். கூர்ந்து பார்த்தால் எஸ்.744இன் பல துண்டுகள் இதற்குள் அப்படியே இருக்கின்றன. மாறியது வரிசை.

சரி, வரிசை மட்டும்தானா? இல்லை. டாக்கா விஷயத்தில் உண்மையான பல்டி அடித்தார். சிறுவயதில் கூட்டிவரப்பட்டவர்களை நாடு கடத்தாமல் வேலை செய்ய அனுமதிக்கும், ஒபாமா 2012இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. 2015 ஏப்ரலில் ஸ்பானிஷ் பேட்டியில் அதை உடனே ரத்து செய்ய மாட்டேன் என்றார். 2016 பிப்ரவரியில், தெற்கு கரோலினா உட்கட்சித் தேர்தல் நெருங்கும்போது, பதவியேற்ற முதல் நாளே ரத்து என்றார். பத்தே மாத இடைவெளி. சட்டப்படி செல்லாது என்று காரணம் சொன்னார். ஏப்ரலிலும் அதே சட்டம்தானே இருந்தது என்று கேட்டவர்களுக்குச் சரியான பதில் வரவில்லை.

டெட் குரூஸ் ரூபியோவை வறுத்தெடுத்தாரே, அவர் மட்டும் சுத்தமா?

அதுதான் வேடிக்கை. 2016 பிப்ரவரி விவாதத்தில், அதே அதிபர் போட்டியில் இருந்த டெக்சாஸ் செனட்டர் குரூஸ் யுனிவிஷன் பேட்டியை எடுத்துப் போட்டார். நான் யுனிவிஷனில் பேசியது அவருக்கு எப்படித் தெரியும், அவருக்குத்தான் ஸ்பானிஷ் வராதே என்றார் ரூபியோ. குரூஸ் அங்கேயே ஸ்பானிஷில் பதில் பேசினார். கூட்டம் ரசித்தது. பேட்டியில் சொன்னதற்கு மட்டும் ரூபியோவிடமிருந்து பதில் இல்லை.

குரூஸின் கணக்கையும் பாருங்கள். 2013இல் அவர் கொண்டுவந்த ஒரு திருத்தம் குடியுரிமையை மட்டும் நீக்கி, சட்டபூர்வ அந்தஸ்தை விட்டுவைத்தது. பின்னால் கேட்டபோது, மசோதாவைக் கவிழ்க்கத்தான் அப்படிச் செய்தேன் என்றார். வெளிநாட்டுத் திறன்பணியாளர்களுக்கான ஹெச்1பி விசா எண்ணிக்கையை ஐந்து மடங்காக்க வேண்டும் என்று 2013இல் கேட்டவரும் அவர்தான். 2015 நவம்பரில் அந்த விசாவையே 180 நாள் நிறுத்திவைப்பேன் என்று திட்டம் வெளியிட்டார். ஆனால் எஸ்.744க்கு எதிராக வாக்களித்தவர் என்ற ஒரே பதிவு அவரைக் காப்பாற்றியது.

மெக்கெய்ன், டிரம்ப் எல்லோரும் மாறியவர்கள்தானே? ரூபியோவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அடி?

மெக்கெய்ன் 2005இல் ஜனநாயகக் கட்சி செனட்டர் எட்வர்ட் கென்னடியோடு சேர்ந்து சீர்திருத்த மசோதா கொண்டுவந்தவர். அதிபர் போட்டியில் இருந்தபோது, 2008 ஜனவரி விவாதத்தில், இப்போது வாக்கெடுப்பு வந்தால் அதற்கு வாக்களிக்க மாட்டேன், மக்கள் முதலில் எல்லையைக் கேட்கிறார்கள் என்றார். 2010இல் எல்லையோரம் நடந்துகொண்டே, அந்தப் பாழாய்ப்போன வேலியைக் கட்டி முடியுங்கள் என்று விளம்பரம். 2013இல் மறுபடி எண்மர் குழு. ரூபியோவைவிடப் பெரிய வளைவு இது. ஆனால் அவருடைய மாநிலமான அரிசோனாவில் அவரை மக்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரியும். ரூபியோவுக்கு அப்படிப்பட்ட சேமிப்பு கிடையாது. ஒரே முறை செனட் தேர்தலில் நின்று, அதிலும் குறிப்பாக இந்த விஷயத்தில் வாக்குறுதி கொடுத்து வந்தவர்.

டிரம்ப் 2012 தேர்தல் முடிந்த கையோடு, ராம்னியின் 'தாங்களாகவே போய்விடுவார்கள்' பேச்சு பைத்தியக்காரத்தனம் என்று பேட்டி கொடுத்தவர். 2015இல் சுவர் கட்டுவேன் என்று கிளம்பினார். யாரும் அந்தப் பழைய பேட்டியை வைத்து அவரை மடக்க முடியவில்லை. அவர் எந்தச் சபையிலும் இருந்ததில்லை, அவர் பெயரில் ஒரு வாக்கும் பதிவாகவில்லை. ரூபியோவின் பெயரோ மசோதாவின் முகப்பிலேயே இருந்தது.

லத்தீன் வாக்காளர்களுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரிதானே? அவர்கள் ஏன் நம்பவில்லை?

லத்தீன் என்று ஒரே கூட்டம் கிடையாது. கியூபாக்காரர்களுக்கு 1966இலிருந்தே தனிச் சட்டம் உண்டு. வந்து ஓராண்டு கடந்தால் கிரீன் கார்டு கேட்கலாம். மெக்சிகோவிலிருந்தோ குவாத்தமாலாவிலிருந்தோ வந்தவர்களுக்கு அப்படி ஒரு கதவே இல்லை. அதனால் கியூபக் குடும்பத்துப் பையன் வந்து 'வரிசையில் நில்லுங்கள்' என்றால் மற்றவர்களுக்கு எரிகிறது.

ரூபியோவின் தாத்தா கதை இன்னும் சுவாரசியம். பெத்ரோ விக்டர் கார்சியா 1956இல் வந்தார், பிறகு கியூபா திரும்பினார், 1962இல் விசா இல்லாமல் மறுபடி வந்து இறங்கினார். குடியேற்ற நீதிபதி அவரை வெளியேற்ற உத்தரவிட்டார். அவர் போகவில்லை. சில ஆண்டுகள் ஆவணமில்லாமல் இருந்து, மேலே சொன்ன சட்டத்தின் வழியே 1967இல் அந்தஸ்து பெற்றார். பேரனை அரசியல் பக்கம் திருப்பிவிட்டவர் இந்தத் தாத்தாதான். டாக்காவை முதல் நாளே ரத்து செய்வேன் என்ற பேச்சை இந்தக் குடும்பக் கதையோடு சேர்த்துப் படித்தவர்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை.

இது நம்ம ஊர் ஐடி ஆட்களை எப்படித் தொட்டது?

நேரடியாகவே. எஸ்.744 ஹெச்1பி எண்ணிக்கையை 65,000இலிருந்து 1,15,000 ஆக்கி, தேவைப்பட்டால் 1,80,000 வரை உயர்த்த வழி வைத்திருந்தது. வேலைவழி கிரீன் கார்டில் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பையும் எடுத்துவிட்டது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போய், வருடக்கணக்கில் கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்களுக்கு அந்த ஒரு விதி போதும், வாழ்க்கையே மாறியிருக்கும்.

ஆனால் அதே மசோதாவில் இந்திய ஐடி நிறுவனங்களுக்கு ஆப்பும் இருந்தது. ஊழியர்களில் பாதிக்கு மேல் ஹெச்1பி, எல்1 (நிறுவனம் தன் ஊழியரை அமெரிக்கக் கிளைக்கு மாற்றும் விசா) விசாக்காரர்களாக இருக்கக் கூடாது என்று படிப்படியாக இறுக்கியது, கூடுதல் கட்டணம் விதித்தது, விசாவை அதிகம் நம்பியிருக்கும் நிறுவனங்கள் ஆட்களை வாடிக்கையாளர் அலுவலகத்துக்கு அனுப்புவதைத் தடுத்தது. நிறுவனங்கள் எதிர்க்க, அங்கே வேலை பார்க்கும் ஊழியர்களில் பலர் உள்ளுக்குள் மசோதா நிறைவேறட்டும் என்று நினைத்தார்கள். 2015இல் ஹெச்1பி எண்ணிக்கையை உயர்த்தும் தனி மசோதா ஒன்றையும் ரூபியோ இணைந்து கொண்டுவந்தார். உட்கட்சித் தேர்தலில் அதற்கும் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

அவநம்பிக்கை அவரை எவ்வளவு பாதித்தது?

அதிபர் கனவு அந்த முறை முடிந்தது. 2016 மார்ச் 15 அன்று சொந்த மாநிலமான புளோரிடாவில் டிரம்ப் சுமார் 46 சதவீதம், ரூபியோ 27. மியாமி-டேட் மாவட்டம் ஒன்றுதான் அவர் பக்கம் நின்றது. அன்று இரவே விலகினார். குடியேற்றம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. நியூ ஹாம்ப்ஷயர் விவாதத்தில் சக போட்டியாளரான நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மடக்க மடக்க ஒரே வாசகத்தை ஒப்பித்ததும் அவரைச் சாய்த்தது. ஆனால் மனப்பாடமாகப் பேசுகிற ஆள் என்ற அந்தப் பட்டம் அவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்ள எஸ்.744 கதை ஏற்கெனவே பசை தடவி வைத்திருந்தது.

செனட் தேர்தல் வேறு கதை. 2016இலும் 2022இலும் வசதியாக ஜெயித்தார். பொதுத்தேர்தலில் எதிரே நிற்பது ஜனநாயகக் கட்சி, அங்கே பழைய மசோதாவை யாரும் கிளறுவதில்லை.

அமைச்சரான பிறகு என்ன நிலை?

வெனிசுவேலாவிலிருந்து தப்பி வந்தவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு அந்தஸ்து வேண்டும் என்று செனட்டில் மசோதா போட்டவர்களில் ஒருவர் ரூபியோ. மியாமிக்குப் பக்கத்தில் டோரல் என்ற ஊர் முழுக்க வெனிசுவேலாக்காரர்கள், அவருடைய வாக்காளர்கள். 2025இல் அவர் இடம்பெற்ற அரசே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் அந்த அந்தஸ்தை ரத்து செய்தது. உத்தரவு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையுடையது, அவர் துறையுடையது அல்ல. ஆனால் அவர் எதிர்க்கவில்லை. 2025 மார்ச்சில் 300க்கும் மேற்பட்ட விசாக்களை, பெரும்பாலும் மாணவர்களுடையவை, தன் துறை ரத்து செய்திருக்கலாம் என்று அவரே செய்தியாளர்களிடம் சொன்னார்.

எஸ்.744 மாதிரி ஒன்று மறுபடி வருமா?

அந்த மசோதா 2015 ஜனவரியில் அந்தக் காங்கிரஸோடு காலாவதியானது. அதன்பிறகு அவ்வளவு விரிவான எதுவும் செனட்டைத் தாண்டவில்லை. 2024 பிப்ரவரியில் லாங்க்ஃபோர்ட் என்ற குடியரசுக் கட்சி செனட்டர் பேசி முடித்த எல்லை மசோதாவில், நாட்டில் ஏற்கெனவே இருக்கும் ஆவணமற்றவர்களுக்குப் பொது அந்தஸ்து என்று எதுவுமே கிடையாது. டிரம்ப் வேண்டாம் என்றார், 49-50 என்று விழுந்தது. ரூபியோ எதிர்த்து வாக்களித்தார். 2013இல் ஆதரித்த 14 பேரில் அப்போது செனட்டில் மிச்சமிருந்தவர்கள் ஐந்து பேர்: காலின்ஸ், மர்கௌஸ்கி, கிரகாம், ஹோவன், ரூபியோ. ஆதரித்தவர்கள் முதல் இருவர் மட்டுமே.